குசினிப் புகையும் எமது முற்போக்கும்

குசினிச் சுவரிலே பூட்டும் ஒரு விசிறியைப் பற்றி இலக்கிய சஞ்சிகையிற் கட்டுரை எழுதுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். உருவம், உள்ளடக்கம், யதார்த்தம் என்பன பற்றி விவாதிக்க வேண்டிய பக்கங்களில் எண்ணெய்ப் பிசுக்குக்கும் மிளகாய்க் கமறலுக்கும் இடம் ஏது என்று அவர்கள் கேட்பர். அக்கேள்வியே இக்கட்டுரைக்குப் போதிய காரணமாகும். வீட்டிலே ஒருத்தி தன் வாழ்நாளிற் பெரும் பகுதியை எந்த அறையிலே மூச்சுவிட்டுக் கழிக்கிறாளோ, அந்த அறையின் காற்றைப் பற்றிப் பேசுவது தாழ்ந்த விடயம் என்று கருதும் மனப்பான்மை வானத்திலிருந்து விழுந்ததன்று. சமைத்ததை உண்போர் சிந்திப்பவராகவும், சமைப்போர் சிந்தனைக்கு வெளியே நிற்பவராகவும் பிரிக்கப்பட்ட ஒரு சமுதாயத்தின் மனப்பான்மை அது.

குறுந்தொகையின் 167 ஆம் பாடலை எமது வாசகர்களான ஆசிரியர்கள் பலமுறை கற்பித்திருப்பர். கூடலூர் கிழார் பாடியது. தயிர் பிசைந்த விரலை ஆடையிலே துடைத்துக்கொண்டு, தாளிதப் புகை மைதீட்டிய கண்ணை மறைக்க, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்கிறான். மனைவியின் முகம் மெல்ல மலர்கிறது. செவிலி அதைக் கண்டு வந்து நற்றாய்க்குச் சொல்கிறாள். புலவர் புகையை மறைக்கவில்லை. கண்ணிலே புகை படிவதைக் கண்டார், கண்டதைப் பாடினார். அவர் யதார்த்தவாதி. ஆனால் வகுப்பறைகளில் நாம் கேட்டு வந்த விளக்கங்களை எண்ணிப் பாருங்கள். மலர்ந்த முகத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவர். இல்லறத்தின் மாண்பு என்பர். புதுமணப் பெண்ணின் நாணம் என்பர். கண்ணிலே நிறைந்த புகை மட்டும் அழகுக்குச் சேர்த்த ஒரு வர்ணனையாகக் கழிந்துவிடும். அந்தக் கண் நாற்பது ஆண்டுகளின் பின் என்னவாயிற்று என்று கேட்ட உரைகாரரை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

இக்காலத்து எழுத்தாளரும் இதிலே பின்தங்கியவரல்லர். கிராமத்தை வருணிக்கப் புகுந்தால் ஓலைக் கூரையின் மேலே நீலப்புகை சுருள் சுருளாக எழாமற் கதை தொடங்காது. இதற்கொரு நியாயமும் உண்டு. அடுப்பிலே பூனை படுத்திருக்கிறது என்றால் அவ்வீட்டில் உலை ஏறவில்லை என்று பொருள் கொள்ளும் மக்கள் நாம். ஆகவே புகை எழுவது சோற்றின் அடையாளம், பசியில்லாமையின் கொடி. ஆயினும் அந்தக் கொடியை அழகென்று காண்பவன் ஒழுங்கையிலே நிற்கிறான். உள்ளே குந்தியிருந்து ஊதுகுழலை வாயில் வைத்து ஊதுபவளுக்குப் புகை சுருளாகத் தெரிவதில்லை. அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்ற பழமொழியை எதிர்த்து எத்தனையோ மேடைகளிற் பேசினோம். படிப்பைப் பற்றிப் பேசியது சரி. அடுப்பூதுவதைப் பற்றி எவரும் பேசவில்லை. படித்த பெண்ணும் மாலை வந்ததும் அதே அடுப்பைத்தான் ஊதினாள்.

உணர்ச்சியை ஒரு புறம் வைத்து விஞ்ஞானத்தைக் கேட்போம். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, விறகு, கரி, மண்ணெண்ணெய், சாணம் முதலியவற்றைத் திறந்த அடுப்பில் அல்லது பழுதான அடுப்பில் எரித்துச் சமைப்போர் உலகில் ஏறத்தாழ 210 கோடிப் பேர். வீட்டுக்குள் எழும் இப்புகையினால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் 32 இலட்சம் மரணங்கள் நேர்ந்தன. அவற்றுள் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டவை ஐந்து வயதை எட்டாத குழந்தைகளின் மரணங்கள். நுரையீரல் நோய், இருதய நோய், பாரிசவாதம், குழந்தைகளின் நிமோனியா, கண்ணிலே பூ விழுதல் என்பன அதன் வரவுசெலவுக் கணக்கிலே வரும் உருப்படிகள். எமது நாட்டிலோ 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்போது நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்ட வீடுகள் விறகையே சமையல் எரிபொருளாகக் கொண்டிருந்தன. போரிலே இறந்தோருக்கு நினைவுத் தூண்கள் உண்டு. குசினியிலே மெல்ல மெல்ல இறந்தவருக்கு 'ஆச்சிக்கு நெடுநாளாகத் தொய்வு' என்ற ஒரு வசனம் மாத்திரம் உண்டு.

விறகடுப்பை விட்டு எரிவாயுவுக்கு மாறிவிட்டோம். எமக்கு இந்தப் பேச்சு வேண்டா என்று பட்டணத்து அன்பர்கள் சொல்லலாம். அவர்களும் தப்பவில்லை. விறகுப் புகையோடு, மிகுந்த சூட்டில் எண்ணெயிற் பொரிக்கும்போது எழும் ஆவியையும் மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையிலே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வைத்துள்ளது. 2010 இல் வெளிவந்த அதன் 95 ஆம் தொகுதி இதை விரிவாக ஆராய்கிறது. எரிவாயுச் சுவாலை நீலமாக எரிந்தாலும் நைதரசனீரொட்சைட்டை விடுகிறது. காற்றுக் குறைந்த அறையிற் காபனோரொட்சைட்டையும் விடுகிறது. பின்னையதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மீன் பொரிப்பதும், கடலை எண்ணெயிலே வடை சுடுவதும், கருவேப்பிலையும் கடுகும் வெடிக்கத் தாளிப்பதும் எமது சமையலின் உயிர். அவற்றைக் கைவிடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளிலே தூள் வறுக்கும் நாளை நினைவுகூருங்கள். செத்தல் மிளகாயும் கொத்தமல்லியும் சட்டியிலே புரளத் தொடங்கியதும் அவ்வீட்டு ஆண்மக்கள் தும்மிக்கொண்டு விறாந்தையை விட்டிறங்கி வாசிகசாலைக்குப் போய்விடுவர். அங்கே பெண் விடுதலை பற்றி நல்ல விவாதங்கள் நடைபெறும். மிளகாய் பதமாக வறுபட்டபின் திரும்பி வருவர்.

இனி இன்றைய புதுப்பணத்தின் குசினியைப் பார்ப்போம். கொழும்பிலும் அதன் புறநகர்களிலும், அண்மைக் காலமாக யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கட்டப்படும் வீடுகளில் இரண்டு குசினிகள் இருக்கும். ஒன்று 'பான்ட்ரி'. பளபளக்கும் கருங்கல் மேசை, கண்ணாடி அலுமாரி, அதன் நடுவே நாற்சதுரமான உருக்குக் கூம்பு; அதைக் கடைக்காரர் 'குக்கர் ஹூட்' என்பார். இந்த அறையிலே தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும். பாணுக்கு வெண்ணெய் பூசப்படும். விருந்தாளி வந்தால் முட்டை பொரியும். உண்மையான சமையல் பின்னாலே, தகரக் கொட்டிலில் அல்லது இருளடைந்த ஒரு சிற்றறையில் நடைபெறும். அங்கே மீன் வெட்டப்படும், தேங்காய் துருவப்படும், பெரிய தாச்சியில் எண்ணெய் கொதிக்கும். அதைச் செய்பவள் பெரும்பாலும் மலையகத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ வந்த ஓர் ஏழைப் பெண். புகை இல்லாத அறைக்குப் புகைபோக்கி. புகை உள்ள அறைக்கு ஒரு சிறு யன்னலும் இல்லை! விசிறி என்பது காற்றை அசைக்கும் கருவி என்று எண்ணியிருந்தோம். இவ்வீடுகளிலே அது வர்க்கத்தைக் காட்டும் கருவியாகவும் இருக்கிறது. இப்பெண்களுட் சிலர் குவைத்திலோ சவூதி அரேபியாவிலோ பத்தாண்டுகள் பணிபுரிந்தவர்கள். மூன்று விசிறி சுழலும் அந்நிய குசினியைத் துடைத்துப் பேணியவர்கள். எந்த ஆளி எதை இயக்கும், வடிகட்டியை எந்நாளிற் கழற்றிக் கழுவ வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தன் சொந்தக் குசினியிற் பாவிக்கக் கிடைக்காத அறிவு அது.

அந்த உருக்குக் கூம்பிலும் ஒரு பித்தலாட்டம் உண்டு. இவற்றிற் பல புகையை வெளியே தள்ளுவனவல்ல. கரி வடிகட்டி ஒன்றினூடாகக் காற்றை இழுத்து, மறுபடி அதே அறைக்குள் விடுவன. கரி சிறிது மணத்தை உறிஞ்சும். வலை எண்ணெய்த் துளியைப் பிடிக்கும். நீராவியும் காபனோரொட்சைட்டும் வந்த வழியே திரும்பி வரும். வெளியே போகும் குழாய் இல்லாத கூம்பு புகைபோக்கியன்று, புகைச் சுற்றி. கடையிலே கேட்க வேண்டிய முதற் கேள்வி அதன் நிறமோ விளக்கோ தொடு ஆளியோ அன்று. இதன் குழாய் எங்கே போகிறது என்பதே முதற் கேள்வி. கூரைக்கும் முகட்டுத் தட்டுக்கும் இடைப்பட்ட வெளியிலே குழாயை முடித்துவிடும் மேசன்மாரும் உண்டு. எண்ணெய்ப் படலம் அங்கே மரத்திலும் மின்கம்பியிலும் படிந்து, தீப்பிடிப்பதற்கு ஆயத்தமாகக் காத்திருக்கும்.

சாதாரண ஆசிரியர் குடும்பத்துக்கு அந்தக் கூம்பு தேவையில்லை. சுவரிலே ஒரு வட்டத் துவாரமும், அதற்கேற்ற ஒரு விசிறியும் போதும். கடைகளில் 'எக்ஸோஸ்ட் ஃபான்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பர். ஆனால் எந்த அளவு? இங்கேதான் கணக்கு வருகிறது. கணக்கு வந்ததும் ஏமாற்றுவோர் விலகுவர். 10 அடி நீளமும் 8 அடி அகலமும் 9 அடி உயரமும் உள்ள குசினியின் கனவளவு 720 கன அடி. தாளிதமும் பொரியலும் உள்ள சமையலுக்கு அறையின் காற்று முழுவதும் மணித்தியாலத்துக்கு 15 முதல் 20 தடவை மாற வேண்டும் என்பது பொறியியலாளர் கொள்ளும் பொது அளவு. 20 தடவையென்று கொண்டால் 14,400 கன அடி. நிமிடத்துக்கு 240 கன அடி. மலிவென்று வாங்கும் ஆறங்குல விசிறிகளிற் பெரும்பாலானவை இதை எட்டமாட்டா. எட்டங்குலமோ பத்தங்குலமோ தேவைப்படும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண் தடையெதுவும் இல்லாத வெளியில் அளந்தது என்பதையும் மறக்கலாகாது. மடிப்புத் தகடும் வலையும் குழாயும் சேர்ந்தால் அந்த எண் இறங்கும். ஆகவே கணக்கில் வந்ததற்குச் சற்று மேலே வாங்குவது அறிவு. சுவரை ஊடுருவி நேரே வெளியே விடுவதானால் சாதாரண இதழ் விசிறி போதும். நீண்ட குழாயினூடாகத் தள்ள வேண்டுமானால் அது மூச்சுத் திணறும். அதற்கு மையநீக்க விசிறி வேண்டும். குழாய் ஆறங்குலமென்றால் இறுதிவரை ஆறங்குலமாகவே இருத்தல் வேண்டும். இடையிலே நாலங்குலமாகச் சுருக்குவதும், முழங்கை முழங்கையாக வளைப்பதும், சுருக்கு விழுந்த நெகிழ் குழாயைப் பாம்பு போலச் சுற்றி விடுவதும் கொடுத்த பணத்தைப் புகையாக்கும் வழிகள். கூம்பு வைத்தே தீருவோம் என்பவர் அதன் அகலம் அடுப்பின் அகலத்துக்குக் குறையாமலும், எரிவாயு அடுப்பின் மேலே ஏறத்தாழ 65 முதல் 75 சதமமீற்றர் உயரத்திலும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளட்டும்.

விசிறியை எங்கே பூட்டுவது என்பது எத்தனை அங்குலம் என்பதிலும் பெரிய கேள்வி. சூடான காற்று மேலே செல்லும். எனவே அடுப்புக்கு அண்மையிலே, சுவரின் உயரத்திலே துவாரம் அமைய வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே தாழ்வாக வைத்தால் பிளாத்திக்கு இதழ்கள் வெப்பத்தால் நெளிந்துவிடும். புதிய காற்று எதிர்ப்புறத்திலிருந்து வர வேண்டும். விசிறியின் பக்கத்திலேயே யன்னலைத் திறந்து வைத்திருப்போரை நாம் எத்தனை வீடுகளிற் காண்கிறோம்! யன்னலால் வரும் நல்ல காற்று ஒரு முழத் தூரம் நடந்து விசிறியால் வெளியே போய்விடும். அடுப்படியிலுள்ள புகை அசையாது. கதவையும் யன்னலையும் இறுகச் சாத்திவிட்டு விசிறியை ஓட்டுவோர் இன்னொரு வகையினர். வெளியே போகும் காற்றின் இடத்தை நிரப்ப உள்ளே காற்று வர வேண்டும் என்பது எட்டாம் வகுப்பு விஞ்ஞானம். பத்தங்குலத் துவாரத்தின் பரப்பு ஏறத்தாழ 78 சதுர அங்குலம். அதற்குக் குறையாத ஒரு வழி எதிர்ச் சுவரிலோ கதவின் அடியிலோ இருத்தல் அவசியம்.

காற்றுக்கும் திசையுண்டு. வடக்கிலே வாழ்வோருக்குச் சோளகம் தெரியும், வாடையும் தெரியும். தென்மேற்கிலிருந்து மாதக்கணக்காக வீசும் சோளகத்துக்கு முகங்கொடுத்து ஒரு சிறு விசிறியை வைத்தால், அது சுழலும்; புகை திரும்பும். வாடை தொடங்கியதும் வடகிழக்குப் பக்கத்துத் துவாரத்தால் மழை சீறிக்கொண்டு உள்ளே வரும். ஆகவே வெளிப்புறத்திலே கீழ்நோக்கிய மூடியும், விசிறி நின்றதும் தானாக மூடும் மடிப்புத் தகடும் இன்றியமையாதன. மனையடி சாத்திரக்காரர் குசினியை அக்கினி மூலையிலே வைக்கச் சொல்வர். மூலையைப் பற்றி அவர்களுக்கு இவ்வளவு அக்கறை இருக்கிறதே, அக்கினி உமிழும் புகை எந்தப் பக்கத்தாற் போகும் என்று ஒருவராவது நூல் பிடித்துப் பார்த்ததுண்டா? அயலவரின் யன்னலுக்கு நேரே துவாரம் விடுவதும் தீர்வன்று. எமது புகையை மற்றவரின் மூச்சுக்கு ஏற்றுமதி செய்வதை முன்னேற்றம் என்று சொல்ல இயலாது.

மின்கட்டணத்தைக் காட்டிப் பயமுறுத்துவோருக்கு ஒரு சிறு கணக்கு. இவ்வகை விசிறி ஏறத்தாழ 40 வாற்று இழுக்கும். நாளுக்கு மூன்று மணித்தியாலம் சுழன்றால் மாதத்துக்கு 3.6 அலகு. மண்டபத்திலே எவரும் பாராமல் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியைவிடக் குறைவு. சமையல் தொடங்குமுன் ஓட்டி, அடுப்பு அணைந்தபின்னும் பத்து நிமிடமாவது ஓடவிட்டால்தான் பயன் முழுமையாகும். புவிக்கம்பி இணைக்கப்பட வேண்டும். ஆளி அடுப்புக்கு மேலே கை நீட்டித் தொட வேண்டிய இடத்தில் இருத்தலாகாது. மாதத்துக்கு ஒரு தடவை கழற்றிச் சவர்க்கார நீரிற் கழுவாவிட்டால் இதழ்களிலே எண்ணெயும் தூசும் தார் போலப் படிந்து, சுழற்சி தளர்ந்து, ஈற்றில் எரிந்துபோகும். யார் கழுவுவது? இக்கேள்வியை விசிறி வாங்கிய ஆணிடமே விட்டுவிடுகிறோம். ஏணி ஏறுவது ஆண்மைக்கு இழுக்கன்று.

இதுவரை சொன்னது எரிவாயு எரியும் குசினிக்கு. விறகடுப்புக்கு விசிறியை மட்டும் பரிந்துரைப்பவன் வியாபாரியாகத்தான் இருப்பான். விறகுக்கு முதல் தேவை புகைக்கூடு; அடுப்பை அணைத்தெழும்பி, கூரைக்கு மேலே தலைநீட்டும் புகைக்கூடு. காற்றுவழி இல்லாத அறையிலே புகைக்கூடும் விசிறியும் சேர்ந்திருந்தால் வேறோர் ஆபத்து உண்டு. விசிறியின் இழுவை வலுத்தால், மேலே போக வேண்டிய புகை கூட்டின் வழியே கீழே இறங்கி அறைக்குள் வரும். கண்ணுக்குத் தெரியாத காபனோரொட்சைட்டும் அதனோடு வரும். 1980 களில் இந்நாட்டிலே உருவாக்கப்பட்ட அனகி அடுப்பு, இரண்டு பானை ஏற்றும் களிமண் அடுப்பு, விறகை மிச்சப்படுத்தியது. பெண்கள் சுமந்த விறகுக் கட்டின் பாரத்தைக் குறைத்தது. அது மெச்சத்தக்க வேலை. ஆனால் அதற்குப் புகைக்கூடு இல்லை. எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதிலே நின்று, மூச்சைச் சிக்கனப்படுத்தாமல் விட்ட திட்டங்கள் இப்படித்தான் பாதி வழியில் நின்றன. புகை படிந்தால் ஓலையைப் பூச்சி அரிக்காது, கூரை நெடுநாள் நிற்கும் என்று கூறும் பெரியவர்களின் அனுபவம் பொய்யன்று. ஓலைக்கு நன்மை செய்வது நுரையீரலுக்கும் நன்மை செய்யும் என்பது மட்டுமே அதிலிருந்து வராத முடிவு.

விறகு பழைய கதை என்று எண்ணியோருக்கு வரலாறு பாடம் நடத்தியது. 2021 ஆம் ஆண்டின் இறுதியில் எரிவாயுக் கலவை பற்றிய சர்ச்சையும் அடுப்பு வெடிப்புகளும். 2022 இல் அந்நியச் செலாவணி வறண்டு எரிவாயுவே இல்லாத நிலை. வெற்றுச் சிலிண்டர்களோடு வீதியிலே நாட்கணக்கான வரிசைகள். அவ்வேளையிற் கொழும்பின் அடுக்குமாடிகளில் வாழ்ந்தோர் பலகைத் துண்டுகளையும் பெட்டிகளையும் மாடத்திலும் நடைபாதையிலும் எரித்துச் சமைத்தனர். எரிவாயு ஒரு நாளும் நிற்காது என்ற நம்பிக்கையிற் கட்டப்பட்ட அந்தச் சுவர்களிலே புகை போக ஒரு துவாரமும் இல்லை. நாட்டின் கடன்கணக்கு ஒரு தாயின் தொண்டையிலே இருமலாக வந்து முடிந்த அந்த மாதங்களைப் பற்றி எத்தனை சிறுகதைகள் எழுந்தன என்று எமது எழுத்தாளரைக் கேட்கிறோம்.

எல்லாவற்றிலும் கொடிய முரண்பாட்டைக் காண மலைநாட்டுக்குப் போக வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா; பின்னாலே ஒட்டிய ஓர் ஒடுங்கிய குசினி. கவ்வாத்து வெட்டிய மிலாறுதான் விறகு. அது மழையிலே நனைந்தால் எரியாது, புகையும். நுவரெலியாக் குளிரிலே கதவைத் திறந்து வைக்கவும் முடியாது. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையும் ஒரே புகைக்குள்ளே உறங்கி எழும்பும். லயத்துக்குச் சற்று மேலே, அதே தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலை நிற்கிறது. அதன் மேல்மாடியிலே கொழுந்தை வாட்டும் நீண்ட தொட்டிகள் உள்ளன. ஒவ்வொரு தொட்டியின் தலைமாட்டிலும் ஒரு பெரிய விசிறி. கொழுந்து 12 முதல் 18 மணித்தியாலம் வரை அளந்த காற்றிலே படுத்திருக்கும். ஒரு கிலோக் கொழுந்துக்கு நிமிடத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளை மாட்டி, காற்றிலே ஈரம் மிஞ்சிவிட்டதா என்று இரவிரவாகக் கண்காணிப்பர். காற்று பழுதானால் தேயிலையின் குணம் கெடும். குணம் கெட்டால் கொழும்பு ஏலத்தில் விலை விழும். அந்தக் கொழுந்தைப் பறித்தவளின் காற்றை எந்தக் குமிழும் அளந்ததில்லை. அவளுடைய நுரையீரலுக்கு ஏலத்திலே விலை இல்லை. களுத்துறை, கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் தாள்களுக்குப் புகையூட்டும் கூடங்களைப் பாருங்கள். புகை எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும், எப்போது கூரைக் கதவைத் திறந்து வெளியேற்ற வேண்டும் என்பதற்கு முறையான வழிகள் உண்டு. ஆகவே புகையை ஆளும் அறிவு இந்நாட்டுக்குப் புதிதன்று. தோட்டத்துரைமார் காலத்திலிருந்தே இருந்து வருகிறது. விற்பனைப் பண்டத்தின் பொருட்டு மாத்திரம் அது பயன்பட்டது. தோட்டங்கள் 1970 களில் அரசுடைமையாயின. 1992 முதல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. உடைமை கைமாறிய ஒவ்வொரு வேளையிலும் வாட்டும் தொட்டிகளின் விசிறி கணக்கேட்டிலே சொத்தாக எழுதப்பட்டது.

எமது அணியிலேயே ஓர் ஆட்சேபம் எழும் என்பதை அறிவோம். உற்பத்தி உறவுகள் மாறாமல் விசிறி பூட்டுவது வெறுஞ் சீர்திருத்தவாதம். புரட்சியின் பின் குசினியே ஒழிந்துவிடும் என்று சில தோழர்கள் கூறுவர். இப்படிக் கூறுவோரிற் பெரும்பாலோர் சோறு வடித்துப் பழகாதவர் என்பது எமது அவதானம். ஆகுஸ்ட் பெபல் அவர்களைவிடப் பெரிய சீர்திருத்தவாதியா? 1879 இல் முதன்முதல் வெளிவந்து, பின்பு பலமுறை திருத்தி விரிக்கப்பட்ட 'பெண்ணும் சோசலிசமும்' என்ற நூலிலே, புகையும் வெக்கையும் கெட்ட மணமும் அற்ற மின்சாரக் குசினியைப் பற்றி அம்மனிதர் ஆர்வத்தோடு எழுதினார். பெரிய மாற்றத்தைக் காத்திருக்கும் காரணத்தாற் சிறிய மாற்றத்தை மறுக்க வேண்டும் என்று அவர் கருதவில்லை. இலவசக் கல்விக்காகவும் எட்டு மணி நேர வேலைக்காகவும் போராடியபோது, எல்லாம் மாறும்வரை பொறுத்திருப்போம் என்று நாமும் சொல்லவில்லை. தொழிற்சாலையில் எந்திரப் புகை வந்தால் தொழிற்சங்கம் நோட்டீசு அடிக்கும்; பரிசோதகர் வருவார்; சட்டம் உண்டு. குசினியும் ஒரு வேலைத்தலமே. அங்கே சங்கமில்லை, பரிசோதகரில்லை, சம்பளமுமில்லை என்பதால் அது வேலைத்தலமன்று என்று ஆகிவிடாது.

தனியொருவர் வாங்கும் விசிறியோடு விடயம் முடிவதுமில்லை. வீட்டுத் திட்டங்கள் வருகின்றன. மலையகத்திலே ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடுகள் இந்திய உதவியோடு எழுகின்றன. மேலும் 10,000 வீடுகள் 2017 இல் அறிவிக்கப்பட்டன. வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப்பின் பல்லாயிரம் வீடுகள் கட்டப்பட்டன. வரைபடத்தில் எத்தனை அறை, எத்தனை கதவு என்று சண்டையிடும் பிரதிநிதிகள், குசினிச் சதுரத்தின் மேலே ஒரு வட்டம் போடப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கட்டும். சுவர் எழும்போது பத்தங்குலத் துவாரம் விடுவதற்குச் செலவில்லை. நாலு கல் மிச்சமாகும். பூசி முடித்த சுவரை உளியால் உடைக்கும்போதுதான் கூலி, சீமெந்து, மனக்கசப்பு எல்லாம் வரும். விறகு எரியும் வீடென்றால் புகைக்கூடு வரைபடத்திலேயே இருக்க வேண்டும். பின்னர் வைப்போம் என்ற வாக்குறுதியை ஏற்கலாகாது. மின்னிணைப்புக்கு ஒரு முனை அந்தத் துவாரத்தின் பக்கத்தே வர வேண்டும். வங்கிக் கடன் பெற்று வீடு கட்டும் ஆசிரிய நண்பர்கள் ஒப்பந்தக்காரரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடலாம். முன்விறாந்தையின் தூணுக்கு எந்த வடிவம் என்று யோசிப்பதற்கு முன்பு.

பாடசாலைகளையும் விட்டுவிடலாகாது. மதிய உணவு சமைக்கப்படும் இடங்களிற் பல, வேலியோரத்துக் கொட்டில்கள். பிள்ளைகளின் தாய்மாரே அங்கு நின்று நூற்றுக்கணக்கானோருக்கு உலை ஏற்றுகின்றனர். நாம் ஆசிரியர் அறையிலிருந்து சோற்று வாசனையை அறிகிறோம். அக்கொட்டிலின் உட்பக்கத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலிலே நுழைவாயில் வளைவுக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் மேலே இக்கொட்டிலின் புகைக்கூட்டை ஓர் உருப்படியாகச் சேர்க்குமாறு கேட்கிறோம். கனவளவு கற்பிக்கும் கணித ஆசிரியர்கள் கரும்பலகையிலே கற்பனைப் பெட்டி வரைவதை ஒரு நாள் நிறுத்தி, ஓர் அளவுநாடாவோடு மாணவரை அங்கே அழைத்துச் செல்லட்டும். நீளம், அகலம், உயரம், இருபதால் பெருக்கு, அறுபதால் வகு. வரும் விடையை அதிபரின் மேசையில் வைக்கலாம்.